சந்தனம் பூசிய துப்பாக்கி

அத்தியாயம் 6

"காஸ்பர், ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கோ. நான் சொல்ற வரைக்கும் வெளிய எடுக்காதே."

ஆதிமூலம் சார் இப்படிச் சொன்னால் அந்த இடத்தில் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண நாட்களில் அவர் என் வாயை மூடத்தான் சொல்வார். துப்பறிகிற அவரிடம் சம்பளம் வாங்கும் உதவியாளன் என்பதால் நான் இரண்டு உத்தரவுக்கும் கட்டுப்பட்டவன். கையை மட்டும் உடனே உள்ளே போட்டேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் நிலக்கடலை மண்டி வைத்திருந்த சொக்கலிங்கத்தின் வீட்டு மாடி அறை அது. வாசற்படியிலிருந்து ஜன்னல் வரை சுவர் நெடுகப் பழைய துப்பாக்கிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். முந்தாநாள் ஆயுத பூஜை. நேற்றுக் காலை விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதங்களை எடுத்துத் தொடும் நல்ல நாள் என்று சொக்கலிங்கம் வாசல் பக்கத்து முதல் துப்பாக்கியை இறக்கினார். அதுவே அவர் தொட்ட கடைசிப் பொருள்.

பழைய துப்பாக்கி காலியா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். அடிக்கட்டையைத் தரையில் ஊன்றுவார். விசையை இழுத்தால் வந்து அடிக்கிற சின்னச் சுத்தியல் இருக்கிறதே, 'குதிரை' என்பார்கள், அதைக் கால் விரலால் பின்னுக்குத் தள்ளிப் பிடிப்பார். பிறகு குழாயின் வாயில் தன் வாயை வைத்து, அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுவார். அடியில் காற்று வந்தால் காலி. வராவிட்டால் உள்ளே வெடிமருந்து. இந்த வித்தையைப் பல ஊர் நண்பர்களுக்கும் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறார். நேற்று குதிரை மேல் அப்பியிருந்த சந்தனத்தில் கால் வழுக்கியது, குதிரை விழுந்தது, குழாய்க்குள் மருந்தும் இருந்தது, குண்டும் இருந்தது.

லாக்கப்பில் இருப்பவன் தோமினிக். இந்தத் துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடுகிறவன், என் ஊர்க்காரன். முதலாளியின் கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட எப்போதாவது ஒன்றை எடுத்துப் போய் மருந்து கெட்டித்துச் சுடுவான். பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் துடைத்து மாட்டிவிட்டு, அவலூர்பேட்டை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். பன்றிக்குக் கெட்டித்ததை எடுக்காமல் அப்படியே மாட்டிவிட்டான், முதலாளி செத்தார் என்பது போலீஸ் கணக்கு. சாயங்கால பஸ்ஸில் திண்டிவனம் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோகப் போகிறார்கள்.

இதைவிடக் கொடுமை, தோமினிக்கே அதை நம்பிவிட்டான். காலையில் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்து என்னிடம் அழுதான்.

"காஸ்பரு, என் கையால மொதலாளி செத்துட்டாருடா. கம்பி வுட்டுப் பாத்தேன்னுதான் நெனப்பு. பாத்திருந்தா எப்டிடா வெடிக்கும்? மறந்துட்டுகீறேன்."

அவன் மனைவி பாக்கியம் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தாள். அவன் தொடவில்லை. "இந்தக் கையாலயா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கிண்டல் பண்ணாமல் வெளியே வந்த ஒரே இடம் அந்த லாக்கப்தான்.

"சார், அவனே ஒத்துக்கிறான். அப்புறம் நீங்க இன்னாத்தத் தேடறீங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் இளையபெருமாள். நல்ல மனிதர், ஆனால் பஸ் நேரம் தப்பக் கூடாது என்று கவலைப்படுகிறவர்.

"அவன் ஒத்துக்கல. பயப்படறான்," என்றார் ஆதிமூலம். "ரெண்டும் வேற. நீங்க என் பின்னால வந்து நில்லுங்க. எந்தக் குழாய்க்கும் முன்னால யாரும் போகக் கூடாது."

"எல்லாம் நூறு வருஷத்துக் கெழடு சார். இதுங்க இன்னா பண்ணும்?"

"நேத்து ஒண்ணு பண்ணிச்சே."

இளையபெருமாள் பின்னால் போய் நின்றார்.

யுத்த காலம் முழுவதும் ஆயுதக் கிடங்கில் குப்பை கொட்டியவர் ஆதிமூலம் சார். துப்பாக்கி என்றால் அவருக்குப் பயமும் கிடையாது, பாசமும் கிடையாது, மரியாதை மட்டும் உண்டு. முதலில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிரே ராஜகிரிப் பாறை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இடையில் வெறும் முள்காடு. வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். குழாயின் வாய் ஜன்னல் பக்கமே இருக்கும்படி பிடித்தார். விரல் விசையின் பக்கம் போகவே இல்லை. மெல்லிய மூங்கில் குச்சியைக் குழாய்க்குள் அடிவரை விட்டு, வாய் ஓரத்தில் கட்டைவிரலால் அளவு பிடித்து வெளியே எடுத்தார். அதே அளவைக் குழாயின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தார்.

"குச்சி அடிவரைக்கும் போனா காலி. பாதியில நின்னா உள்ள ஆள் இருக்கு," என்றார்.

"இரும்புக் கம்பி இருக்குதே சார், அதால குத்தலாமே?" என்றேன்.

"பொறி வந்தா உன் கேள்விக்குப் பதிலை மேல போய்க் கேட்டுக்கோ."

ஒவ்வொன்றாகக் காலி, காலி என்று சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு துப்பாக்கியை எடுத்ததும் நின்றார். பித்தளைப் பட்டையும் அரபி எழுத்துமாக, அறையிலேயே அழகானது அதுதான்.

"காஸ்பர், இந்தத் திருகாணியைப் பார்."

"நல்லாத்தான் இருக்குது."

"அதான் தப்பு. கையால அராவின மரை இவ்வளவு ஒழுங்கா இருக்காது. இது லேத்துல கடைஞ்சது. ராஜா தேசிங்கு காலத்துத் துப்பாக்கின்னு சீட்டு கட்டியிருக்கு. தேசிங்குகிட்ட லேத்து இருந்துதா?"

"குதிரை இருந்துது சார். லேத்து இருந்ததா எங்க ஊர்ல யாரும் பாடல."

"பேரன் தாத்தா வேஷம் போட்டு வந்திருக்கான். யார் கொடுத்தது?"

"கீழ உக்காந்துகினு இருக்காரே, மெட்ராஸ்காரர் ராஜாராம்," என்றார் இளையபெருமாள். "பழைய சாமான் வியாபாரம். பூஜைக்கு விருந்தாளியா வந்தவர், துக்கத்துல பாதியில போகக் கூடாதுன்னு தங்கிட்டார். துப்பாக்கியெல்லாம் நானே துடைச்சு வெச்சிடறேன்னு நேத்துலேருந்து ரெண்டு வாட்டி சாவி கேட்டார். நான்தான் ரூமைப் பூட்டி வெச்சிருக்கேன்னு குடுக்கல."

ஆதிமூலம் வரிசையில் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஜன்னல் ஓரத்தில் கடைசியாகத் தொங்கியது ஒன்றுதான் பாக்கி.

குச்சியை உள்ளே விட்டார். அவர் கை நின்றது.

மெதுவாக வெளியே எடுத்து வெளிப்பக்கம் வைத்தார். அடிக்கு நாலு விரல் முன்னாலேயே குச்சி முடிந்துவிட்டது. தீக்குச்சியின் மறுமுனையால் குதிரையின் மேல் அப்பியிருந்த சந்தனத்தைச் சுரண்டினார். சந்தனத்துக்கு அடியில், குதிரையின் மூக்குக்குக் கீழே, செம்பு நிறத்தில் ஒரு பொட்டு மின்னியது. அடி விழுந்தால் தீப்பற்றும் கேப்பு.

"கெட்டித்துக் கேப்பும் போட்டு வெச்சிருக்கு," என்றார் தணிந்த குரலில். "காஸ்பர், இப்போ கையை வெளிய எடு. கட்டையைக் கெட்டியாப் பிடி. வாய் பாறைப் பக்கமே இருக்கட்டும். கீழ யாராவது இருக்காங்களா?"

"ரெண்டு ஆடு."

"துரத்து."

இளையபெருமாள் ஜன்னலில் நின்று கத்திய கத்தலில் ஆடுகள் சிங்கவரம் வரை போயிருக்கும். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். என் வியர்வை சொட்டி மரத்தில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஆதிமூலம் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார். பழைய ஸ்பிரிங். அது அவர் விரலை எதிர்த்து முனகியது. இன்னொரு கையின் நகத்தால் கேப்பை நெம்பினார். அது வரவில்லை. மறுபடி நெம்பினார். கேப்பு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பிறகுதான் குதிரையை அங்குலம் அங்குலமாக இறக்கினார்.

கேப்பை இளையபெருமாளிடம் கொடுத்தார். அவர் அதைத் தேளை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

பிறகு குழாய்க்குள் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். நனைந்த மருந்து வெறும் சேறு. தோமினிக்கின் பெட்டியில் நுனியில் திருகு வைத்த கம்பி ஒன்று இருந்தது. அதைவிட்டுத் திருகி இழுத்ததும் மேலே அடைத்திருந்த இலைக் கிழிசல் வந்தது, பின்னால் ஈயக் குண்டு உருண்டு வந்தது, கடைசியில் கறுப்புச் சேறு. ஆதிமூலம் அந்த இலையை ஈரத்தோடு விரித்தார். மந்தாரை இலை. மடிப்பில் கொஞ்சம் சந்தனம். சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு வெள்ளையாக ஏதோ ஒன்று.

"இன்னா சார் இது?"

"பொரி," என்றார் ஆதிமூலம்.

நனைந்து துவண்டு போயிருந்தது. இருந்தாலும் பொரி பொரிதான்.

இளையபெருமாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எனக்கு முன்னாலேயே புரிந்து, கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பொரியும் சந்தனமும் எப்போ இந்த வீட்டுக்கு வந்துது?" என்றார் ஆதிமூலம். "ஆயுத பூஜை அன்னிக்கு. குழாய் வாயில பூசின சந்தனத்தை இழுத்துக்கிட்டு இந்த இலை உள்ள போயிருக்கு. அப்போ பூஜை முடிஞ்ச பிறகுதான் கெட்டிச்சிருக்காங்க. தோமினிக் எப்போ ஊருக்குப் போனான்?"

"பூஜைக்கு மொத நாளே... பஸ் கண்டக்டரே சாட்சி." இளையபெருமாள் தொப்பியைக் கழற்றினார். "நேத்து வெடிச்சதும் இதே ஆளோட கை வேலைதானா?"

"அதோட இலை எரிஞ்சு போச்சு. இது அதோட கூடப் பிறந்தது."

"அப்போ தம்பி சம்பந்தம்தான்! அண்ணன் போனா மண்டி முழுக்க அவனுக்குத்தான். இப்பவே..."

"இருங்க. வாசல் ஓரத்துல ஒண்ணு. ஜன்னல் ஓரத்துல ஒண்ணு. ஒருத்தரைக் கொல்ல ரெண்டு துப்பாக்கி எதுக்கு?" ஆதிமூலம் காலியான துப்பாக்கியைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார். "காஸ்பர், அந்தக் கிண்ணத்துல சந்தனம் இருக்கு. குதிரை மேல முன்ன இருந்த மாதிரியே அப்பிடு."

செஞ்சிப் பங்கில் ஆயுத பூஜை செய்த முதல் கத்தோலிக்கன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் சாமியார் மன்னிக்க வேண்டும்.

எல்லோரையும் மாடிக்கு வரச் சொன்னார். தம்பி சம்பந்தம் முகம் வீங்கி, மொட்டைத் தலையோடு வந்தான். சொக்கலிங்கத்தின் மனைவி வள்ளியம்மை அறைக்குள் வராமல் கதவோரம் நின்றார். அழுது முடித்த கண்கள். கடைசியாக வந்தவர் ராஜாராம். பட்டு ஜிப்பா, தங்க பிரேம் கண்ணாடி, துக்க வீட்டிலும் வாசனைப் பாக்கு.

"எல்லாத் துப்பாக்கியையும் சோதிச்சாச்சு. எல்லாம் காலி. சப்-இன்ஸ்பெக்டர் சாட்சி," என்றார் ஆதிமூலம்.

ராஜாராமின் வாயில் பாக்கு ஒரு கணம் நின்றது. பிறகு மெல்லத் தொடங்கியது. "அப்போ அந்த வேலைக்காரனோட கவனக்குறைவுதான், மிஸ்டர் ஆதிமூலம். நான் அப்பவே சொன்னேன்."

"அப்படித்தான் போல. ஒரே ஒரு உதவி வேணும். சொக்கலிங்கம் எப்படி ஊதிப் பார்ப்பார்னு சப்-இன்ஸ்பெக்டர் கண்ணால பார்க்கணுமாம். விஷயம் தெரிஞ்சவர் நீங்கதான். இதைப் பிடிங்க." கடைசிக்கு முந்தின துப்பாக்கியை எடுத்து நீட்டினார். அதுவும் கேப்பு ரகம்தான். அதன் குதிரையிலும் அதே சந்தனம்.

ராஜாராம் அதை வாங்கினார். கட்டையை ஊன்றி, செருப்பு நுனியால் குதிரையைத் தள்ளி, குனிந்து ஊதினார். அடியில் புஸ்ஸென்று காற்று வந்தது. "இவ்வளவுதான்," என்று கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம். இதையும் ஒரு தடவை." ஆதிமூலம் ஜன்னல் ஓரத்துக் கடைசித் துப்பாக்கியை நீட்டினார்.

ராஜாராம் கையை நீட்டவில்லை. "ஒண்ணு போதாதா?"

"அவருக்குச் சரியாத் தெரியலயாம்."

இளையபெருமாள் தெரியாதவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகம் அவருக்குச் சுலபமாக வந்தது. ராஜாராம் துப்பாக்கியை வாங்கினார். அதன் வாயை ஜன்னல் பக்கம் திருப்பினார். எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, குதிரை மேலிருந்த சந்தனத்தை நகத்தால் வழித்தார். குதிரையைப் பதமாகத் தூக்கினார். குனிந்து அடியில் பார்த்தார்.

அங்கே ஒன்றும் இல்லை.

அவர் நிமிர்ந்தபோது, இளையபெருமாள் உள்ளங்கையை விரித்துக்கொண்டு எதிரில் நின்றார். "இதத் தேடறீங்களா சார்?"

உள்ளங்கையில் செம்புக் கேப்பு.

"இது... இது எச்சரிக்கை! நேத்து ஒரு உயிர் போயிருக்கு. பார்க்காம ஊத முடியுமா?"

"முன்னதைப் பார்க்காமத்தானே ஊதினீங்க," என்றார் ஆதிமூலம். "அதுலயும் சந்தனம் இருந்துது. அதுலயும் கேப்பு இருந்திருக்கலாம். கவனமா இருக்கிறவன் எல்லாத் துப்பாக்கிகிட்டயும் கவனமா இருப்பான். தெரியாதவன் எதுகிட்டயும் கவனமா இருக்க மாட்டான். ஒரே ஒரு துப்பாக்கிகிட்ட மட்டும் கவனமா இருக்கிறவன் யாரு ராஜாராம்? அதைக் கெட்டிச்சவன்."

பாக்கு இப்போது அசையவே இல்லை.

ஆதிமூலம் கதவுப் பக்கம் திரும்பினார். "அம்மா, ஐயா எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்பார்?"

"எப்பவும் வாசப் பக்கத்துலேருந்துதான்," என்றார் வள்ளியம்மை. "மண்டி ஆளுங்க வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்."

"வீட்டு ஆளா இருந்தா ஒண்ணு போதும். ஊதுவார்னு தெரியும், எங்கேருந்து ஆரம்பிப்பார்னு தெரியாது. அப்படிப்பட்டவன்தான் ரெண்டு ஓரத்துலயும் கெட்டிச்சு வைப்பான். வெளியூர்க்காரன். சொக்கலிங்கம் செத்ததும் மிச்சம் இருக்கிற ஒண்ணைக் காலி பண்ணணும், ரூம் பூட்டியிருக்கு. அதான் சாவி கேட்டான்."

சம்பந்தம் மெதுவாகப் பேசினான். "அண்ணன் சொன்னாரு, விஜயதசமி அன்னிக்கு மெட்ராஸ்லேருந்து துப்பாக்கி சேக்கிற பெரிய மனுஷங்க வராங்க, அவங்க எதிர்லயே அந்த அரபி எழுத்துத் துப்பாக்கியோட சாயத்த வெளுக்கப் போறேன்னு. யாருகிட்ட வாங்கினதுன்னு மட்டும் சொல்லல. அப்போ இவரும் பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு, விருந்தாளி எதிர்ல பேர் சொல்லக் கூடாதுன்னு நெனச்சாரு போல."

ஆதிமூலம் குழாயிலிருந்து வந்த மந்தாரை இலையை நீட்டினார். அதைப் பார்த்து வள்ளியம்மை அப்போதுதான் அறைக்குள் கால் வைத்தார்.

"சாயந்தரம் நாங்க எல்லாரும் கடை பூஜைக்குப் போனோம். இந்த மெட்ராஸ்காரரு தலவலின்னு படுத்துக்கிட்டாரு." குரல் உடைந்தது. "பசிச்சா சாப்பிடுங்கன்னு நான்தான் பொரி கடலைய மந்தார எலையில மடிச்சு வெச்சிட்டுப் போனேன். என் கையால மடிச்ச எலை. பூஜையில வெச்ச சாமானை அன்னிக்கி நாங்க ஒரு ஊசியக்கூடத் தொட மாட்டோம். நீ துப்பாக்கியத் தொட்டியே, பாவி!"

ராஜாராம் கையிலிருந்த துப்பாக்கியை ஆதிமூலம் மேல் எறிந்துவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான். துப்பாக்கியை அவர் தாவிப் பிடித்தார். காலியானதுதான், ஆனாலும் அதன் வாயை அந்தரத்திலேயே ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டார் மனுஷன். என் கைகள் பழையபடி பாக்கெட்டுக்குள் இருந்தன. எடுக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. அதனால் காலை நீட்டினேன். தங்க பிரேம் ஒரு பக்கமும் ராஜாராம் ஒரு பக்கமுமாக விழுந்தார்கள். இளையபெருமாள் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சாயங்கால பஸ்ஸுக்கு ஆள் கிடைத்துவிட்டது. நேரமும் தப்பவில்லை.

ஸ்டேஷன் வாசலில் பாக்கியம் அதே தூக்கோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். "இன்னாண்ணா, வுட்டுடுவாங்களா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் புரிந்துகொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் பூட்டைத் திறந்தார். தோமினிக் எழுந்திருக்கவில்லை.

"என்ன வுட்டுடாதீங்க சார். நான்தான் மறந்துட்டேன். மொதலாளி மொகத்த..."

ஆதிமூலம் அவன் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, அவன் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் அந்தத் துவண்ட பொரியை வைத்தார்.

"இது ஜன்னல் ஓரத்துத் துப்பாக்கிக்குள்ள இருந்துது. மருந்துக்கு மேல."

தோமினிக் அதையே பார்த்தான். "பொரியா? நான் பூஜைக்கே இல்லியே சார். எனக்கு யாரும் பொரி குடுக்கலியே."

"குடுக்கல. நீ போன பிறகு வேற ஒருத்தன் கெட்டிச்சிருக்கான், ரெண்டு துப்பாக்கியில. நீ கம்பி விட்டுப் பார்த்த. காலியாத்தான் மாட்டிட்டுப் போன."

"பாத்தேனா?"

"பார்த்திருக்க, தோமினிக்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையைப் பார்த்தான். "காஸ்பரு, நான் பாத்தேன்டா," என்றான். இன்னொரு தடவை சொன்னான். அதற்குமேல் வார்த்தை வராமல் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துண்டால் துடைத்தான். பொரியைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாகத் திருப்பி வைத்தான். வாசலில் நின்ற பாக்கியத்திடம் வலது கையை நீட்டினான்.

"அந்தச் சோறு கெட்டுப் போயிடுச்சா, இன்னும் இருக்குதா?"